கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள்

அன்புள்ள அக்கா,

நாம் வேலை செய்த பதுளைக் கந்தோரைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். நேற்று இரும்பு அலுமாரியைக் காலி செய்தபோது அந்த நீலப் பெட்டி கையில் வந்தது. உள்ளே தடித்த கையேடுகள், சில இறுவட்டுகள், கணினியின் பின்புறத்தில் செருகும் சின்னச் சாவி. கையேட்டைப் பிரித்ததும் பதுளையின் மழைக்கால ஈரம் மூக்கில் ஏறியது. பூஞ்சணம் பிடித்த ஓரங்களில் உங்கள் பென்சில் எழுத்து. பெரும்பாலும் ஒரே சொல்தான்: "ஏன்?"

இனி எழுதுவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எழுதினால்தான் எனக்கு வரிசைப்படுகிறது.

நாம் செய்தது சரிவுகளைக் கணக்கிடும் வேலை. மலையின் சாய்வு, மண்ணின் பிடிமானம், மண்ணுக்குள் நிற்கும் நீரின் மட்டம், இவற்றைக் கொடுத்தால் கணினி ஓர் எண் தரும். அது ஒன்றுக்கு நன்றாக மேலே இருந்தால் மலை நிற்கும். ஒன்றை நெருங்கினால் அடியில் குடியிருப்பவர்களை வெளியேற்ற வேண்டும். நான் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். மலைக்கு அடியில் குடியிருப்பது என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் யாழ்ப்பாணத்தின் தட்டை நிலத்திலிருந்து தொண்ணூறுகளின் கடைசியில் மாற்றலாகி வந்தீர்கள். வந்த புதிதில் பஸ் வளைவுகளில் கண்ணை மூடிக்கொள்வீர்கள். என்னை "நீர்" என்று அழைத்தீர்கள். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பதால், கோபமாக இருக்கிறீர்களோ என்று சில நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் சண்டை அந்த நீலப் பெட்டியில்தான் தொடங்கியது. கந்தோர் விலை கொடுத்து வாங்கிய கணித மென்பொருள் அது. கேள்வி வந்தால் கேட்பதற்காகக் கொழும்பிலுள்ள முகவர் கம்பனிக்கு ஆண்டுதோறும் தனிக் கட்டணமும் கட்டினோம். உங்களுக்கு அது பிடிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்த உங்கள் தம்பி ஓர் இறுவட்டு அனுப்பியிருந்தார். அதில் இருந்தது திறந்த மூல மென்பொருள். யாரும் எடுக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம். கட்டணமே கிடையாது. அதைப் பழைய கணினியில் ஏற்றி, நமக்குத் தேவையான கணக்கை அதன் மேல் நீங்களே எழுதிச் சேர்த்தீர்கள்.

"உந்தப் பெட்டிக்குள்ள என்ன நடக்குது எண்டு உமக்குத் தெரியுமோ? எண்ணைக் குடுக்கிறீர், எண்ணை வாங்குறீர். நடுவில பூட்டு."

"உள்ள போய்ப் பாக்க எனக்கு நேரம் இல்லீங்க அக்கா. நமக்கு விளங்காதப்ப கேட்டா பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தா போதும்."

"பதில் தெரியாமல் அவன் என்னத்தைச் சொல்லுவான்?"

"தெரியாட்டி தேடிச் சொல்லுவாங்க. அதுக்குத்தானே காசு கட்றோம்."

அந்த ஆண்டு கட்டணத்தை நிறுத்தும்படி நீங்கள் கூட்டத்தில் பேசினீர்கள். தொடரும்படி நான் பேசினேன். பொறுப்பதிகாரி இருவரையும் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்றார். நீங்கள் இரண்டு நாள் என்னோடு கணக்கைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

பிறகு கார்த்திகை மழை வந்தது. பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், லயத்துக்கு மேலே நிலம் வெடித்திருப்பதாகத் தகவல். சரிவில் முன்பே பதித்திருந்த குழாய்களில் நீர்மட்டத்தை அளந்து அனுப்பினார்கள். அதே தரவுகளை நான் நீலப் பெட்டியின் மென்பொருளில் போட்டேன், நீங்கள் உங்களுடையதில் போட்டீர்கள். எனக்கு வந்த எண், மலை நிற்கும் என்றது. உங்களுக்கு வந்தது ஒன்றுக்குக் கீழே.

இருவரும் மறுபடி போட்டோம். மறுபடியும் அதே எண்கள்.

தோட்டத்துத் துரை தொலைபேசியில் காத்திருந்தார். லயத்து ஆட்களை எழுப்பி எங்கே வைப்பது, வேலை நின்றால் மேலே என்ன சொல்வது என்று அவருக்குக் கவலை. "ரெண்டுல எது சரி மிஸ்? ஒண்ணச் சொல்லுங்க" என்றார். ரிசீவரைப் பிடித்தபடி நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மென்பொருளின் உள்ளே போய்ப் படிக்கத் தொடங்கியிருந்தீர்கள். படிக்க அனுமதி இருந்தது. படித்து முடிக்க அந்தப் பகல் போதாது. எங்கெங்கோ இருக்கும் பலர் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்தது அது. அவர்களின் மின்னஞ்சல் குழுவுக்குக் கேள்வி அனுப்பினீர்கள். இணைப்பு அறுந்து அறுந்து ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. பதில் வரவில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை. யாரும் அவர்களைக் காத்திருக்கச் சொல்லியிருக்கவில்லை.

துரையைச் சற்றுப் பொறுக்கச் சொல்லி வைத்துவிட்டு, நான் கொழும்பு முகவர் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். தரவுத் தாளைத் தொலைநகலில் அனுப்பச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் திரும்ப எடுத்தார். மெல்லிய குரல், அவசரமில்லாத ஆங்கிலம். மலையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "மூன்றாவது குழாய்க்கு எதிரே எண் இல்லையே, வேண்டுமென்றே விட்டதா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் குழாய் சேறு அடைத்துக் கிடந்ததால் அளக்க முடியவில்லை என்று அளந்தவர்கள் கோடு போட்டு அனுப்பியிருந்தார்கள். கோடு இருந்த இடத்தில் நாமும் எண் போடாமல் வெற்றிடமாக விட்டிருந்தோம்.

"எங்கள் மென்பொருள் வெற்றிடத்தைப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் தண்ணீரே இல்லை என்று கணக்குப் போட்டிருக்கும்" என்றார்.

அதை நான் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் விரல்கள் ஓடத் தொடங்கின. "இப்ப எங்க பாக்கவேணும் எண்டு தெரியுது" என்றீர்கள். சற்று நேரத்தில் அந்த வரியைக் கண்டுபிடித்தும் விட்டீர்கள். உங்கள் மென்பொருள் வெற்றிடத்தைத் தாண்டி, இரு பக்கத்துக் குழாய்களின் நீர்மட்டத்தை ஒரு கோட்டால் இணைத்திருந்தது. நனைந்த மலைக்கு அதுதான் பொருத்தம்.

ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்று துரைக்குச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினோம். லயத்து வாசலில் ஆட்கள் நனைந்தபடி நின்றார்கள். எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்று நான் சொன்னதும் ஒரு பெண் முன்னால் வந்தார்.

"மாட்ட விட்டுட்டு எங்கிட்டுங்க போறது? கன்னு போட்டு ஒரு வாரங்கூட ஆகல."

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள், "மாட்டையும் கொண்டு வாங்கோ. கண்டையும் கொண்டு வாங்கோ" என்றீர்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"மாட்டையும் கன்னையும் ஓட்டிக்கிட்டு வரச் சொல்றாங்க."

"அப்படீன்னா சரிங்க" என்று உள்ளே போய்ப் பாயைச் சுருட்டினார். அவர் புறப்பட்டதும் மற்றவர்களும் புறப்பட்டார்கள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் மாட்டைக் கண்டு முகம் சுளித்தார். நீங்கள் அவரிடம் என்ன பேசினீர்களோ, மாடு தாழ்வாரத்தில் நின்றது.

அடுத்த நாள் மத்தியானம் சரிவு இறங்கியது. லயத்தின் பின்பக்கத்து அடுப்படிகளையும், கடைசிக் குடும்பங்கள் இருந்த காம்பரா இரண்டையும் மண் மூடியது. உள்ளே யாரும் இல்லை. கந்தோர் அறிக்கையில் இவ்விஷயம் ஒரு பத்தியாக இருக்கிறது.

சேதத்தைப் பார்த்துவிட்டு ஜீப்பில் திரும்பினோம். ஸ்பிரிங்வெளிப் பக்கம் பனி இறங்கியிருந்தது. நீங்கள் சொன்னீர்கள்: "உம்மட ஆள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டவன். அந்தக் கேள்வியைத் தெரிஞ்சு வைச்சிருக்கிறதுக்குத்தான் காசு."

"உங்க கணக்கு வேற மாதிரி வராம இருந்திருந்தா, நான் அவருக்கு எடுத்தே இருக்க மாட்டேங்க அக்கா."

"ஓம், அதுவும்தான்" என்றீர்கள்.

நீலப் பெட்டியின் பக்கம் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். வரவில்லை. உங்கள் மென்பொருளுக்கு அப்படிக் கேள்வி கேட்கும் ஆள் இல்லாததுதான் குறை என்று கண்டு, அந்த ஆளாக நீங்களே இருக்கத் தொடங்கினீர்கள். இரத்தினபுரி, நுவரெலியாக் கந்தோர்களுக்கு இறுவட்டைப் படியெடுத்து அனுப்பினீர்கள். கூடவே நம் தொலைபேசி எண்ணையும் எழுதி அனுப்பினீர்கள். அழைப்புகள் வந்தன. தெரிந்தால் சொல்வீர்கள். தெரியாவிட்டால், "எனக்குத் தெரியேல்லை. பின்னேரம் எடுத்துச் சொல்லுறன்" என்பீர்கள். எடுப்பீர்கள்.

அதற்கென ஒரு பதவி கேட்டீர்கள். "இலவச மென்பொருளுக்கு எதற்குச் சம்பளம்?" என்றார் பொறுப்பதிகாரி.

"மென்பொருள் இலவசம், சேர். நான் இலவசம் இல்லை" என்றீர்கள்.

பதவி கிடைக்கவில்லை. வந்த அழைப்புகளை உங்கள் வழக்கமான வேலைகளுக்கு நடுவே எடுத்தீர்கள். மதியச் சாப்பாடு பல நாள் நாலு மணிக்குத்தான். அது நியாயமில்லை என்று நான் சொன்னேன். நியாயமில்லைத்தான் என்று ஒப்புக்கொண்டு அடுத்த அழைப்பை எடுத்தீர்கள்.

சமாதான காலத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்ததும் ஊருக்கு மாற்றல் கேட்டுப் போனீர்கள். போகும்போதே இருமல் இருந்தது. சண்டை மூண்டு பாதை மறுபடி மூடிய பிறகு கடிதங்கள் குறைந்தன. நீங்கள் இறந்துவிட்ட செய்தி, எல்லாம் முடிந்து பல நாள் கழித்து உங்கள் தம்பி வழியாக வந்தது. வர வழியில்லை. அன்று கந்தோரில் வேலை செய்தேன்.

உங்கள் மென்பொருளை இப்போது பல மாவட்டங்களில் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் கேட்ட பதவியும் பின்னர் வந்தது. அதில் நான் இருக்கிறேன், சம்பளத்தோடு. நீங்கள் எழுதிய கணக்கை வரிவரியாகப் படித்துவிட்டேன். சில இடங்களில் உங்களோடு உடன்பாடில்லை. இரண்டு இடத்தில் திருத்தியும் இருக்கிறேன்.

அந்தப் பதவி வருவதற்கு முன், உங்கள் செய்தி வந்த மறுநாள், நீங்கள் முன்பு எழுதி அனுப்பிய எண்ணைப் பார்த்து மொனராகலையிலிருந்து ஒரு சிங்கள அதிகாரி எடுத்தார். உங்களைக் கேட்டார். இல்லை என்றேன். எப்போது வருவீர்கள் என்று கேட்டார். வரமாட்டீர்கள் என்றேன். அப்படியானால் இதை யாரிடம் கேட்பது என்றார்.

என்னிடம் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதையே சொல்லி, பின்னேரம் எடுக்கிறேன் என்று அவருடைய எண்ணை வாங்கிக்கொண்டேன். பின்னேரம் வரை தேடியும் பாதிதான் கிடைத்தது. எடுத்து அந்தப் பாதியைச் சொன்னேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து மேசைக்காரி