ஆறு மடக்கு நாற்காலிகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நேரில் ஒருவரிடம் நான் வாய் திறந்தது இரண்டே முறை. பால் வாங்கும்போது "ஒரு பாக்கெட் போதும்." மாடிப்படியில் என்மேல் இடித்துக்கொண்ட தபால்காரரிடம் "பரவாயில்ல." ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரி லேபில் முப்பத்திரண்டு வருடம் ரத்த அணுக்களை எண்ணினேன். இப்போது பேசிய வார்த்தைகளை எண்ணுகிறேன்.

தங்கை போன் செய்தாள். இந்த ஞாயிறும் வரமாட்டாளாம். "ஒன்றரை மணி நேரம் பஸ்ல நின்னுட்டே வரணும்க்கா. முட்டி தாங்கல." ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறாள். பஸ் எங்கள் தெருமுனை வரைக்கும் நன்றாகத்தான் வருகிறது. அதற்கப்புறம் கார்களுக்குப் பின்னால் ஊர்கிறது. ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

மணி அடித்தது. யாரோ வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கீழே செருப்புக்கடை வைத்திருப்பவர், எதிரே மருந்துக்கடை அம்மா, இன்னும் நான்கு கடைக்காரர்கள்.

எங்கள் தெருவில் பஸ்ஸுக்கென்று தனித் தடம் போடப்போகிறார்களாம். கடைகளுக்கு முன்னால் கார் நிறுத்தும் முப்பத்திநான்கு இடங்களும் போய்விடும். "நிறுத்த இடமில்லன்னா எவன் மேடம் கடைக்கு வருவான்? பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார் செருப்புக்கடைக்காரர். எதிர்ப்புக் குழு அமைத்திருக்கிறார்கள். தெரு முழுக்கத் தெரிவது என் முன்னறையில் இருந்துதான், அதனால் கூட்டம் இங்கே.

என் வீட்டில் ஒரே நாற்காலி. அதைப் பார்த்துவிட்டு செருப்புக்கடைக்காரர் கீழே போய் ஆறு மடக்கு நாற்காலிகளைத் தூக்கி வந்தார்.

மார்ச் 12, புதன்

இன்றும் வந்தார்கள். கப் போதவில்லை. எனக்கு மட்டும் டம்ளரில் தேநீர்.

மார்ச் 14, வெள்ளி

வாடிக்கையாளர்கள் காரில்தான் வருகிறார்கள் என்று நிரூபிக்க வேண்டுமாம். "லேப் மேடம் எண்ணினா எவனும் மறுபேச்சு பேச முடியாது" என்றார் செருப்புக்கடைக்காரர். நகராட்சிக்குக் கொடுக்கும் மனுவிலேயே எழுதிவிட்டார்கள் — 'இத்தெருவில் வசிக்கும், எண்ணுவதில் நீண்ட அனுபவமுள்ள ஒருவர் கணக்கெடுத்து வருகிறார்.' எண்ணி முடிக்கும் முன்பே எழுதலாமா என்று கேட்டேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவர் என்னை நம்பி வேலை கொடுத்து எவ்வளவு நாளாயிற்று.

மார்ச் 17, திங்கள்

காலை எட்டு முதல் மாலை ஆறு வரை ஜன்னலில். லேபில் வைத்திருந்த எண்ணும் கருவியைத் தேடி எடுத்தேன், கட்டைவிரலால் அழுத்தினால் டிக் என்று ஒன்று கூடும். அரைமணிக்கொரு தடவை வண்டி எண்களையும் குறித்துக்கொள்கிறேன். அவர்கள் கேட்கவில்லை. பழக்கதோஷம்.

மார்ச் 19, புதன்

எங்கோ தப்பு செய்கிறேன். அதே எண்கள் காலையில் இருந்து சாயங்காலம் வரை நகராமல் நிற்கின்றன.

மார்ச் 22, சனி

தப்பு இல்லை. ஆறு நாளும் அதே கதை. முப்பத்திநான்கில் இருபத்திமூன்று கார் கடைக்காரர்களுடையவை. செருப்புக்கடைக்காரரின் சாம்பல்நிறக் கார் அவர் கடை வாசலை அடைத்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் நிற்கிறது. மருந்துக்கடை அம்மாவுக்கு இரண்டு கார், ஒன்று மகனுடையது. வேலியே பயிரை மேய்கிறது. கடைக்குள் போனவர்களில் பத்துக்கு ஏழு பேர் பஸ்ஸில் இருந்து இறங்கியவர்கள்.

இதை எப்படிச் சொல்வேன்?

மார்ச் 23, ஞாயிறு

படித்துக் காட்டினேன். பிறகு மருந்துக்கடை அம்மா, "உங்க தங்கச்சி பஸ்ஸுலதான வருவாங்க?" என்றார். குரலில் கோபமில்லை, அதுதான் குத்தியது. நான் அவளுக்காக எண்ணிக்கையை வளைத்தேனாம்.

செருப்புக்கடைக்காரர் குறுக்கிட்டார். "விடுங்க. மேடம், அந்தப் பேப்பர உள்ள வைங்க. யாரும் கேட்கப் போறதில்ல."

மேசை இழுப்பறையில் வைத்தேன். தேநீர் குடித்தார்கள். போகும்போது வழக்கம்போல "வரேன் மேடம்" என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமாகவும் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒத்தாசை செய்திருக்கிறேன், எதற்காக — ஆறு பேர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவதற்காக.

ஏப்ரல் 2, புதன்

கூட்டம். மருந்துக்கடை அம்மா பிஸ்கட் கொண்டுவந்தார். நான் இழுப்பறைப் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

நகராட்சியில் கருத்துக்கேட்பு. எங்கள் வரிசையில் நடுவில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். அதிகாரி மனுவைப் புரட்டினார். "கணக்கெடுப்புன்னு எழுதியிருக்கீங்க. எண்ணினது யாரு? வந்திருக்காங்களா?"

செருப்புக்கடைக்காரர் என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார், "இன்னும் முடியலன்னு சொல்லிடுங்க."

எழுந்தேன். சொல்ல நினைத்தது அதையேதான், சத்தியமாக. ஆனால் லேபில் ஒரு டாக்டர் அவசரத்தில் 'தோராயமா ஒரு நம்பர் போட்டுக் குடும்மா' என்று கேட்டபோதுகூட நான் போட்டுக் கொடுத்ததில்லை. "முடிஞ்சிருச்சு" என்றேன். எண்கள் எனக்கு மனப்பாடம். சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது என் இருபக்கமும் இருக்கைகள் காலி.

பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன். நின்றுகொண்டே, ஒரு மணி நேரம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மணி அடிக்கவில்லை. தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டேன், ஏழு பேர் அளவுக்கு.

ஏப்ரல் 29, செவ்வாய்

பால் கடையில் மருந்துக்கடை அம்மா. என்னைக் கண்டதும் திரும்பி நின்றுகொண்டார். மாத்திரையை இனி இரண்டு தெரு தள்ளிப் போய் வாங்க வேண்டும்.

நாற்காலிகளை எடுக்க யாரும் வரவில்லை. மடித்துச் சுவரோரம் சாய்த்திருக்கிறேன். நானே கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொடுக்க மனம் வரவில்லை. போனால் என்ன, அவங்களுக்கு நான் யாரு? நாலு வாரம் பழகினதுக்கா இவ்வளவு அழுகை? முட்டாள்.

ஜூன் 12, வியாழன்

பஸ் தடத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

சாலையில் சிவப்புச் சாயம் பூசுகிறார்கள். கடைக்காரர்கள் கார்களைப் பின்சந்தில் நிறுத்துகிறார்கள். செருப்புக்கடையில் கூட்டம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எண்ணிப் பார்த்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தங்கை வந்தாள். பஸ்ஸில் நாற்பது நிமிடம், அதுவும் உட்கார்ந்துகொண்டே. முன்னறையைப் பார்த்துவிட்டு, "இத்தன நாற்காலி எதுக்குக்கா? கல்யாணமா?" என்றாள். ஒன்றை விரித்து அவளே உட்கார்ந்துகொண்டாள்.

நான்கு மணிக்கு மணி அடித்தது. செருப்புக்கடைக்காரர். ஐந்து மாதம் கழித்து.

"நாற்காலிய எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

தங்கை எழப் பார்த்தாள். "நீங்க உட்காருங்கம்மா" என்றார். அவளையும் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே நின்ற பஸ்ஸையும் பார்த்தார். சுவரோரம் இருந்தவற்றை இரண்டு கையிலுமாக அள்ளிக்கொண்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் நின்று, கையில் இருப்பதைக் குனிந்து ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"ஆறும் இருக்கு மேடம். சரியாப் போச்சு."

அவர் கையில் இருந்தது ஐந்து. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு தப்பான எண்ணிக்கையைத் திருத்தாமல் விட்டது இன்றைக்குத்தான். "சரி" என்றேன்.