புத்தூர்த் தண்ணீரும் எங்காத்துப் பெருமாளும்

ஜூலை 14, திங்கள்

கீஸர் மறுபடி மக்கர். ப்ளம்பர் அடைக்கலம் வந்து கழற்றினார். உள்ளே சூடாக்கும் கம்பிச்சுருள் என் மணிக்கட்டுப் பருமனுக்கு வெள்ளையாக இருந்தது. தட்டத் தட்ட ஓடு ஓடாக விழுந்து ஒரு மக் நிறைந்துவிட்டது. "எல்லாம் உங்க போர் தண்ணிதான் சார். தண்ணியா உள்ள போயி கல்லா உக்காந்துக்கும்" என்றார். ஒரு சில்லைக் கையில் வைத்துப் பார்த்தேன். வரி வரியாக, ஒரு குளியலுக்கு ஒரு வரி போல. இவ்வளவு கல்லா கண்ணுக்குத் தெரியாமல் குழாயில் வந்துகொண்டிருந்தது! ஆபீசுக்கு லேட்.

ஜூலை 15

காலையில் திருமஞ்சனத்தின்போது கை நின்றுவிட்டது. பெருமாள் மேலும் அதே வெள்ளை.

உள்ளங்கையில் அடங்கும் கறுப்புச் சாளக்கிராமம். தலைமுறை தலைமுறையாக எங்காத்தில் இருப்பவர். பார்வை போனதும், போன வருடம் அப்பா ஸ்ரீரங்கத்திலிருந்து இங்கே புத்தூருக்கு எழுந்தருளப் பண்ணி என்னிடம் ஒப்படைத்தார். அப்போது இரண்டே விஷயம் சொன்னார். "பிடிச்சு வச்ச ஜலம் கூடாது, அன்னன்னிக்கு எடுக்கணும். ஈரத்தோட உள்ள வைக்காதே, துணியால ஒத்தி எடு."

முதலாவதை நான் விட்டதே இல்லை. ஸ்ரீரங்கத்துக் கிணறு இங்கே ஏது? அதனால் டேங்கில் தேங்காமல், போர் மோட்டாரைப் போட்டு நேராக வரும் குழாயில் தினமும் பிடித்தேன். பெரிய ஆசாரம்! இரண்டாவது - ஆபீசுக்கு எட்டு பத்து பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். நனைத்தவரை அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். எத்தனை நாள்? எழுதவே கூசுகிறது. அநேகமாக எல்லா நாளும்.

ஜூலை 17

ஸ்ரீரங்கத்திலிருந்து அண்ணா போன் பண்ணினான். ஆடிப்பெருக்குக்கு அப்பாவை அழைத்து வருகிறானாம். "பெருமாளைச் சேவிக்கணும்னு ஒரே பிடிவாதம்டா." அப்பாவுக்குச் சேவிப்பது என்றால் இப்போது விரலால்தான். ஒவ்வொரு சக்கர ரேகையும் அந்த விரலுக்கு அத்துப்படி. தொட்டதும் தெரிந்துவிடும். பெருமாளைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விடுவார். நியாயம்தானே?

ஜூலை 20, ஞாயிறு

எலுமிச்சம்பழம் தேய்த்தால் பித்தளைக்குப் போகிறது, இதற்குப் போகாதா என்று ஒரு சொட்டு விட்டேன். சுர்ரென்று நுரைத்தது. ஆத்துக்காரி ஜாஹ்னவி ஓடி வந்தாள். "ஐயோ, நிறுத்துங்கோ! உப்பு மட்டும்தான் கரையறது, கல்லு கரையலைன்னு என்ன நிச்சயம்?" ஸ்கூலில் கெமிஸ்ட்ரி எடுக்கிறவள். பதறி அலம்பித் துடைத்தேன். நல்ல நாளெல்லாம் விட்டுவிட்டு இன்றைக்குத் துடைக்கிறேன்!

பிறகு அவள்தான் சொன்னாள். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் கடலடியில் நத்தை மாதிரி ஒரு ஜீவன் இருந்ததாம். அது மறைந்த இடத்தில் சேறும் உப்பும் இறுகி இந்தக் கல்லாம், அதன் சுருள்தான் நாங்கள் சேவிக்கிற சக்கரமாம். கீஸரில் நடந்த வேலைதானே அங்கேயும்? பெருமாளே, உன்னை இப்படியா செய்தது தண்ணீர்? அதன் மேல் என் பதினாலு மாச அவசரம் ஒரு தோல்.

"காலம்பற ஆறு மணிக்குக் கார்ப்பரேஷன் குழாய்ல காவேரி வர்றதே, வரும்போதே பிடிச்சா அதுவும் அன்னிக்கு எடுத்ததுதானே?" என்றும் கேட்டாள். எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஜூலை 28

தினமும் துடைக்கிறேன். போகவில்லை. அப்பா வர இன்னும் ஆறு நாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். வைத்தேன். விரல் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தார்.

"அச்யுதா, பெருமாள் வளர்ந்திருக்கார்டா!"

கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிகிறது. சாளக்கிராமம் வளரும் என்று எங்களவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அப்பாவுக்கு ஆயுசு முழுக்க இந்த சந்தோஷம். ஜாஹ்னவி என்னையே பார்த்தாள். மறைக்க முடியலை. எப்படி முடியும்?

"இல்லப்பா. அது போர் தண்ணி உப்பு. நான் ஒத்தி எடுக்கவே இல்ல."

அப்பாவின் கட்டைவிரல் அந்த வெள்ளையைத் தடவிக்கொண்டே இருந்தது. "ஒரு நாள் விடாம வந்து சேர்ந்திருக்கே, இந்த ஜலம்" என்றார். கோபமா, ஆச்சரியமா, எனக்குத் தெரியவில்லை. பெருமாளை அழைத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்வார் எனக் காத்திருந்தேன்.

"துணி எங்கே?" என்றார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இரண்டு நாளைக்கு வந்த அப்பா இன்னும் இங்கேதான் இருக்கிறார். ஆறு மணிக்குக் குழாயில் காவேரி வரும் சத்தம் கேட்டதும் நான் சொம்போடு, அவர் துணியோடு. நான் நீராட்டுகிறேன், அவர் ஒத்தி எடுக்கிறார். முடிந்ததும் கன்னத்தில் வைத்து ஈரம் போய்விட்டதா என்று பார்க்கிறார்.

இன்று அரிசி அளவு ஒரு சில்லு உதிர்ந்தது. "இங்கே இருக்கார் பாரு" என்று என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். மயிரிழை போல ஒரு ரேகை. நானும் கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை நாள் கண்ணால் பார்த்து என்னத்தைப் பார்த்தேன்!

எட்டு பத்து பஸ் போயிருக்கும்.