வா பிள்ளை

என் அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

மெல்பேர்னுக்கு வெளியே, நாய்க்குட்டி விற்கும் பண்ணையொன்றில் சனி, ஞாயிறுகளில் கூடு கழுவுகிறேன் என்று சொன்னேன் அல்லவா. அங்கே பதினேழாம் நம்பர் என்றொரு தாய்நாய். ஆறு ஈற்றில் முப்பத்தெட்டுக் குட்டிகள். ஒன்றுகூட அவளோடு இல்லை. இனிக் குட்டி போடமாட்டாள் என்பதால் போன கிழமை அவளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். வளர்க்க ஆள் கிடைக்காவிட்டால் கருணைக்கொலை ஊசிதான் என்று முதலாளி கிளென் சொல்லியிருந்தான். விளம்பரத்துக்காகத்தான் அவளுக்கு பெல்லா என்று பெயரே வைத்தான்.

கூட்டிப்போக வயதான ஒருவர் வந்தார். "பெல்லா, பெல்லா" என்றார். அவள் திரும்பவேயில்லை.

"செவிடோ? அப்படியென்றால் எனக்கு வேண்டாம்."

கிளென் என்னைப் பார்த்தான். இரண்டு வருடமாக நான் அவளை "வா பிள்ளை" என்றுதான் கூப்பிடுவேன். அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"வா பில்லை" என்றார். அவள் வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் தீன் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்த பிறகுதான் அவருடைய காரில் ஏறினாள்.

"குட் கேர்ள்" என்றான் கிளென். எங்கள் இருவரில் யாருக்கென்று தெரியவில்லை.

மிளகாய்த்தூள் முடியப்போகிறது. யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கோ. போனில் கோல் எடுக்கும்போது கொஞ்ச நாளைக்கு என்னைப் பிள்ளை என்று கூப்பிடாதேங்கோ. பெயரைச் சொல்லுங்கோ.

பஸ் வந்துவிட்டது.

நிரூபா