கூப்பிடாத போன்

பட்டுக்குட்டி, நீ சுகமாக இருக்கிறாயா கண்ணு. அம்மா இருக்கிறேன், மூட்டுவலிதான் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. உன் அப்பா கண்ணை மூடின பிறகு ஒரு டம்ளர் டீதான் போடுகிறேன், கை என்னவோ இன்னும் இரண்டு டம்ளரை எடுத்து வைக்கிறது. உன் சித்தி வந்திருந்தாள், ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று திட்டிவிட்டுப் போனாள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் போன வாரம் டாக்டர், நர்ஸ், என்னை மாதிரி ஆயாக்கள் எல்லோருக்கும் ஒரு வகுப்பு வைத்தார்கள். கூட வேலை செய்கிறவர்களைப் பார்த்துக் கத்தக் கூடாது, கை ஓங்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. ஒரு பெரிய டாக்டர் ட்ரேயைத் தூக்கி எறிந்து ஒரு நர்ஸுக்கு நெற்றியில் தையல் போட வேண்டியதாகிவிட்டது, அதனால்தான். அவர் வரவில்லை, வேலை அதிகமாம். வகுப்பெடுத்த அம்மா எங்களை ஆள் மாற்றி நடிக்கச் சொன்னார். நான் டாக்டராம். மாட்டிவிட்ட வெள்ளைக் கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. லேப் தம்பி, வாங்க டாக்டரம்மா, எனக்கு ஊசி மட்டும் வேணாம் என்றான், ஒரே சிரிப்பு. எதிரே, உன் அப்பா கடைசியாகப் படுத்திருந்த வார்டின் சின்ன நர்ஸ். நோயாளிக்கு முடியவில்லை என்று அவள் டாக்டருக்குப் போன் பண்ணுவாள், நான் திட்ட வேண்டும். நான் யாரைத் திட்டியிருக்கிறேன், ஆனால் வாயைத் திறந்ததும், இதுக்கெல்லாம் ஒரு போனா, மூளையை வீட்லயே வச்சுட்டு வந்தியா, இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாரு என்று வந்துவிட்டது. சிரிப்பெல்லாம் நின்றுபோனது. அந்தப் பெண் கையிலிருந்த போனை வைத்துவிட்டாள். அது உன் பேச்சுடா, என் டாக்டர் மகனே. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேசும்போதே இன்னொரு போனில் உன் வார்டு நர்ஸைத் திட்டினாயே, அது எனக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண் அழுக்குத்துணி ரூமுக்கு என் பின்னாலேயே வந்தாள். ஆயாம்மா, உங்க வீட்டு ஐயாவுக்கு மூச்சு வாங்குனப்பவே போனை எடுத்தேன், முந்தின நாள் கூப்பிட்டதுக்கு டூட்டி டாக்டர் இப்படித்தான் கிழிச்சாரு, பயந்துபோய் வச்சிட்டேன், இன்னும் கொஞ்சம் பாத்துட்டுக் கூப்பிடலாம்னு நின்னேன் என்று அழுதாள். அந்தக் கொஞ்சத்தில்தான் அப்பா போயிருக்கிறார். நான் அப்போது வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்தேன், நர்ஸ் பக்கத்தில் நிற்கிறாளே என்று நிம்மதியாக. அவளை அறைய என் கை எழுந்தது. கழற்ற மறந்த கோட்டின் கை கண்ணில் பட்டது, இறக்கிவிட்டேன்.

அந்த டூட்டி டாக்டர் இன்னும் இருக்கிறார். அவரை யாரும் கூப்பிடுவதில்லை, வார்டு போன் சும்மா கிடக்கிறது. முன்னெல்லாம் சத்தமில்லை என்றால் எல்லோரும் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று நினைப்பேன், இப்போது அந்தப் போனைத் துடைக்கவே பயமாக இருக்கிறது. நேற்று பேசும்போது நீ வேறு, இப்பல்லாம் தொந்தரவே இல்லம்மா, ஒரு நர்ஸும் கூப்பிடுறதில்ல என்று சிரித்தாய். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. இதைப் படித்ததும் நீ திட்டிய அந்த நர்ஸிடம் நீயே போய்ப் பேசு, நாளைக்கு என்று வைக்காதே. நீ நல்லா இருக்கணும், நீ தொட்டவர்கள் எழுந்து வீட்டுக்கு நடந்து போகணும்.

உன் அம்மா

போன் வரவில்லை என்றாயே கண்ணு, அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதாலா, இல்லை, இந்த நேரம் ஒருத்தி போனை எடுத்து வைத்துவிட்டு யாரோ ஒருவரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாளா?