கேபிள் முனையில் மஞ்சள்

அம்மா,

நேற்று டிஸ்க் டிரைவ் மறுபடியும் காணாமல் போய்விட்டது. இந்த முறை நீ செய்யவில்லை என்று உறுதியாகத் தெரியும். ஆனாலும் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் உன் விரல் தடத்தைத்தான் முதலில் தேடினேன்.

வழக்கம்போல அப்கிரேடு செய்தவள் நான்தான். புது ஆபரேட்டிங் சிஸ்டம் வந்து திரையெல்லாம் கல்யாண வீட்டு வாசல் மாதிரி பளபளத்தது. வந்தவர்களை எண்ணிப் பார்த்தால் டிஸ்க் டிரைவ் மட்டும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து நைனா பின்னால் வந்து நின்றார். கையில் உன் ஆஸ்பத்திரி ஃபைல். அதிலிருந்து ஸ்கேன் டிஸ்கை எடுத்து, "இது ஓடுமான்னு பாரு பாப்பா," என்றார். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்." நம் வீட்டில் 'சும்மா' என்ற சொல்லுக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று உனக்குத் தெரியாதா?

இந்தக் கம்ப்யூட்டர் நம் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? உன் மாம்பழக்கூழ் ஃபேக்டரி ஆபீசில் எல்லாவற்றையும் புதிதாக மாற்றியபோது, பழையதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தாய். "சீசன்ல என்கூட சேர்ந்து மாடா உழச்சது. இரும்புக் கடைல போட மனசு வரல," என்றாய். ஆபீசில் டெக்னீஷியன் வராத நாட்களில் நீயே திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டிப் பழகியவள். அதை நான் மறந்துபோனதுதான் பின்னால் வினையாகிவிட்டது.

நீ டைப் செய்ய உட்காரும்போதெல்லாம் டிரைவின் தட்டு தானாக நாக்கை நீட்டும்படி நான் ஒரு சின்ன ஃபைல் எழுதி வைத்தேனே! நீ அலறப்போகிறாய் என்று கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். முதல் முறை நீட்டியபோது ஒரு பார்வை பார்த்தாய். இரண்டாம் முறை, தின்றுகொண்டிருந்த அவித்த கடலையில் ஒன்றை அதன்மேல் வைத்தாய். "பாவம், பசிக்குது போல கீது. துன்னட்டும்." தட்டு கடலையோடு உள்ளே போய்விட்டது. அதை வெளியே எடுக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. நீ பக்கத்திலேயே உட்கார்ந்து மிச்சக் கடலையைத் தின்று முடித்தாய்.

குறும்பில் நீ என்னை ஜெயிப்பாய். ஒளித்து வைப்பதில் மட்டும் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அரிசி டப்பாவில் புதைத்த வெல்லத்தையும் பீரோ மேல் போர்வைக்குள் சுருட்டிய பிறந்தநாள் வாட்ச்சையும் அன்றன்றைக்கே கண்டுபிடித்திருக்கிறேன்.

நான் டென்த் படித்த வருடம், பொங்கல் விடுமுறை. அன்று வியாழக்கிழமை. நீயும் நைனாவும் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீர்கள். வீடு காலி, உன்னைக் கேட்காமலே அப்கிரேடு செய்துவிட்டேன். சாயங்காலம் நீங்கள் திரும்பி வந்தபோது ஒரு பழுப்புக் கவரும் அதற்குள் ஒரு டிஸ்கும் இருந்தன. "சும்மா ஒரு செக்கப் டீ," என்றாய். நைனா சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நீ கவரை ஒளிக்கவில்லை. பீரோவின் கீழ்த்தட்டில், பார்த்தால் தெரிகிற மாதிரியே வைத்தாய். நீ வெளியே போகிற நேரத்தில் போட்டுப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். உங்கள் இருவர் முகமும் சும்மா செக்கப்புக்குப் போய்வந்த முகமாக இல்லை.

மறுநாள் கம்ப்யூட்டரில் டிரைவே இல்லை.

"நீதானே அப்கிரேடு பண்ணே? பட்டன் அழுத்தினா தட்டுகூட வர்ல. அப்கிரேடா டீ இது, டீகிரேடு!" என்றாய். நான் நம்பிவிட்டேன். ஊரையே ஏமாற்றுகிறவள் உன்னை நம்பிவிட்டேன்.

சனிக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். நீ கீழே உட்கார்ந்து, ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாய்.

"டிரைவர் சரியில்லம்மா," என்றேன்.

"டிரைவர் இல்லாம ஆர்டிசி பஸ்ஸே ஓடாது. இது எப்பிடி ஓடும்?"

டிரைவை ஓட்டுகிற அந்த டிரைவர் ஃபைலை அழித்து மறுபடி போட்டேன். நெட்டில் எவனோ சொன்னான் என்று சிஸ்டத்துக்குள்ளே இரண்டு பதிவுகளை நீக்கினேன். பத்துத் தடவையாவது ரீஸ்டார்ட் செய்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் நீ தலையைத் தூக்கி, "வந்துச்சா?" என்று கேட்டாய். இல்லை என்றதும் மொச்சை உன் விரலிலிருந்து இன்னும் கொஞ்சம் வேகமாகத் தெறித்தது. எனக்காக வருத்தப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கோயிலுக்குப் போனாய். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். உள்ளே, டிரைவுக்குப் போகிற இரண்டு கேபிளும் கழற்றப்பட்டு, ஒழுங்காக மடித்து, ரப்பர் பேண்டு போட்டு ஓரமாக இருந்தன. அப்கிரேடு எத்தனையோ செய்யும். ரப்பர் பேண்டு போடாது. சிவப்புக் கேபிளின் முனையில் ஒரு மஞ்சள் விரல் தடம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை வாசற்படிக்கு மஞ்சள் பூசிய கையோடு வந்து கழற்றியிருக்கிறாய். எதை ஒளித்தாலும் நான் எடுத்துவிடுவேன் என்பதால், டிஸ்கை விட்டுவிட்டு, அதைப் படிக்கிற கண்ணைக் கட்டியிருக்கிறாய்.

மாட்டுவதற்கு ஐந்து விநாடி போதும். கேபிள் கையில் இருந்தது, கவர் பீரோவில் இருந்தது, வீட்டில் யாருமில்லை. நான் மாட்டவில்லை. தகட்டை மூடிவிட்டு, நீ வந்ததும், "டிரைவ் செத்துப்போச்சும்மா," என்றேன். "பரவால்ல உடு, அதுக்கும் வயசாச்சு," என்றாய். நீ குடத்தைப் பார்த்தாய், நான் செருப்பைப் பார்த்தேன்.

அடுத்த வியாழக்கிழமை நைனாவுக்கு பஸ் டிப்போவில் லீவு கிடைக்கவில்லை. துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். பஸ் பூதலப்பட்டு தாண்டியதும் கைப்பையைத் திறந்து என் உள்ளங்கையில் ஒரு ஸ்க்ரூவை வைத்தாய்.

"பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில கெடச்சுது."

"எந்த வண்டியோடதும்மா?"

"உன் வண்டவாளத்தோடது."

என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. நீ சிரிக்கவில்லை.

"தொறந்து பாத்திருக்கே. கேபிளையும் பாத்திருக்கே. அப்புறம் ஏன்டீ மாட்டல?"

"நீ வேணாம்னு கழட்டி வெச்சத நான் எப்பிடி மாட்றது?"

கண்டக்டர் கூட்டத்தை ஜரகண்டி, ஜரகண்டி என்று பின்னுக்குத் தள்ளிக்கொண்டே நம்மைக் கடந்து போனார். அவர் தாண்டியதும் கைப்பையை மூடினாய்.

"பயந்துட்டேன் டீ. எதைப் பாத்தாலும் அதுல ஒரு சிரிப்பு கண்டுபுடிப்பே நீ. இதுல ஒண்ணும் கெடைக்காது. அப்ப உன் மூஞ்சி எப்பிடி ஆவும்னு பாக்க எனக்குத் தைரியமில்ல." பிறகு என் பக்கம் திரும்பினாய். "அந்தப் படத்தப் பாத்தா எனக்கே ஒண்ணும் புரியல, உனக்கு இன்னா புரியும்? என்னைக் கேளு. திருப்பதி வர்ற வரைக்கும் கேளு."

கேட்டேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டபோது என் கையை எடுத்து இடது விலாவுக்குக் கீழே, புடவை மேல் வைத்துக்கொண்டாய். "இங்க. உள்ள ஒரு கட்டி கீதாம். படி ஏறினா வலிக்கும், இருமினா வலிக்கும். படுத்துட்டா இல்ல."

"எப்பிடி வலிக்கும்?"

"ஈரத் துணியப் புழிஞ்சிக்கினு கீற மாதிரி."

"பயமா கீதா?"

"காலைல பயம். ஆபீசுல ஒக்காந்தா மறந்துடுது."

"சரியாப் பூடுமா?"

"தெரியாது. தெரிஞ்ச அன்னிக்கு சொல்றேன்."

சொன்னாய். தெரிந்த அன்றைக்கே, ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வெட்டுகிறவர் பக்கத்தில் நின்று, என்னிடம்தான் முதலில் சொன்னாய். அதற்கப்புறம் ஒன்றரை வருடம் இருந்தாய். அந்த நாட்களில் எதைக் கேட்கவும் நான் பயப்படவில்லை. நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

நேற்று டிரைவைச் சரிசெய்துவிட்டேன் அம்மா. அந்த பஸ் பயணத்துக்கு அப்புறம் நீ மாட்டிவைத்த கேபிள்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. பழைய சிஸ்டம் விட்டுவிட்டுப் போன ஒரு பதிவு வழியை மறித்துக்கொண்டிருந்தது. அதை நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும் தட்டு வெளியே வந்தது. நைனா டிஸ்கைப் போடவில்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"இதுல இன்னா பாக்கணும் நைனா?"

சத்தத்தைக் கேட்டே பஸ்ஸுக்கு எங்கே கோளாறு என்று சொல்கிற மனுஷன். டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவளுக்கு எங்க வலிச்சுதுன்னு. நான் ஒரு நாளும் கேக்கல பாப்பா. கேட்டா அழுதுடுவேனோன்னு கேக்கவேயில்ல."

அவர் கையிலிருந்த டிஸ்கை வாங்கிக் கவரில் வைத்தேன். கிரீஸ் படிந்த அந்தக் கையைப் பிடித்து, அவருடைய இடது விலாவுக்குக் கீழே வைத்தேன்.

"இங்க நைனா. படி ஏறும்போது. இருமினா. படுத்துட்டா இல்ல."

"படுத்துட்டா இல்லியா?"

"இல்ல. அம்மாவே சொன்னது."

"நெஜமா?"

"நெஜமா நைனா."

கையை அங்கிருந்து எடுக்காமலே ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்ப நல்லாத்தான் தூங்கிக்கினு இருந்திருக்கா," என்றார். ஸ்டூலை என் பக்கம் நகர்த்திக்கொண்டு, "வேற இன்னா சொன்னா?" என்றார்.

அந்த பஸ்ஸில் நீ சொன்னது எல்லாமே என்னிடம் இருக்கிறது அம்மா, ஒரு வார்த்தை விடாமல். நேற்று, திருப்பதிக்கு முன்னால் பஸ் சந்திரகிரி வந்தது வரைக்கும் சொன்னேன். மிச்சத்தைக் கேட்க இன்று டூட்டி முடிந்து நேராக வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.