மெத்தென்ற ஷூ ஒரு ஜோடி

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. நர்ஸான உன்னிடம் அதைக் கேட்டால் வார்டில் படுத்திருக்கும் எல்லோருடைய நலமும் சேர்ந்து வரும். போனில் பேசலாம் என்றால் நான் எழும் நேரம் நீ தூங்கும் நேரம். போன தடவை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே உன் குறட்டை கேட்டது. அதனால் கடிதம்.

சுண்டெலி நன்றாக இருக்கிறாள். சோபா விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கை விட்டால் தொப்பென்று உட்கார்ந்து, நான்தான் தள்ளிவிட்டேன் என்பது போல முறைக்கிறாள். அப்படியே உன் முகம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் சலுகைகளுக்குக் குறைவில்லை. துவைக்கும் இயந்திரத்துக்குக் கையேடு எழுதுகிறவளுக்கு இத்தனை எதற்கு என்று எனக்கே வியப்பாக இருக்கும். உடற்பயிற்சி அறை இருக்கிறது. அதில் ஓடும் இயந்திரத்தின் கைப்பிடியில் மழைக்காலத்தில் குடைகள் காய்கின்றன. மதியம் கண்ணயர ஒரு சாய்வு நாற்காலி உண்டு, கண்ணாடி அறைக்குள். மேலாளர் அந்த வழியாகத்தான் கழிவறைக்குப் போவார். இதுவரை அதில் யாரும் கண்ணயர்ந்து நான் பார்க்கவில்லை. ஒரு நாள் நானே உட்கார்ந்து பார்த்தேன். கண்ணை மூடியதும் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. திறந்தேன். யாரும் பார்க்கவில்லை. அது அதைவிட மோசமாக இருந்தது.

இதெல்லாம் யாருக்காக? கொடுக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது? யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

உண்மையில் எனக்குப் பயன்படுவது ஒன்றுதான். கீழ்த்தளத்தில் இருக்கும் குழந்தைகள் காப்பகம். காலையில் சுண்டெலியை அங்கே விட்டுவிட்டு மேலே போகிறேன், மாலையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். பொறுப்பில் இருப்பவரை எல்லோரும் விசிலம்மா என்கிறார்கள். அழுகிற குழந்தைகளை விசிலடித்து நிறுத்துவார். அபாரமாக அடிப்பார். மின்தூக்கிக்குக் காத்திருக்கும் பெரியவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்போது சிக்கல் என்னவென்றால், காப்பகம் வேண்டுமா, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை வேண்டுமா, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். இரண்டும் சேர்த்துக் கிடையாது. மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

சுண்டெலியின் அப்பா கப்பலிலிருந்து அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் ஒரே கேள்வி. நடந்தாளா? அங்கே படம் ஓடாது, எழுத்து மட்டும்தான் போகும் என்பதால் அவன் கேட்பது இன்னும் சுருக்கமாக, இன்னும் கூர்மையாக வந்து விழுகிறது. அவனுக்கும் ஒரு சலுகை வந்திருக்கிறதாம். இன்னும் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தால், அடுத்த பயணத்தில் மனைவி பிள்ளையைக் கூடவே அழைத்துப்போகலாமாம். என்ன செய்யட்டும் என்று கேட்கிறான். நான் இன்னும் பதில் எழுதவில்லை.

அவன்தான் பார்க்க முடியாது. நானாவது பார்க்க வேண்டாமா? அவள் முதல் அடி வைக்கும்போது நான் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, மூடியைத் திறக்கும் முன் நீர் வடிந்துவிட்டதா என்று உறுதி செய்யவும் என்று எழுதிக்கொண்டிருப்பேனா?

கடைசியாக ஒன்று. நேற்று விசிலம்மா, "நாளைக்கு மெத்துன்னு ஒரு ஷூ குடுத்து விடுங்க மேடம்" என்றார். பிடிக்காமல் நிற்கவே தெரியாதவளுக்கு ஷூ எதற்கு என்றேன். "தரை ஜில்லுன்னு இருக்குல்ல" என்றார். காப்பகத்தின் தரை முழுக்க ரப்பர் விரிப்பு. நானே குனிந்து தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இல்லை.

வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஏன்?

உன் யோசனைக்குக் காத்திருக்கும்,
தங்கை

*

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வந்தது. "எந்தச் சலுகையை வேணா வாங்கிக்கோ, பிள்ளையோட முதல் நடையை மட்டும் ஆபீஸ்ல விட்டுட்டு வந்து எங்கிட்ட அழாதே" என்று எழுதியிருந்தாய். சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டிலிருந்து வேலை செய்வதைப் பற்றி விசாரித்தேன். எங்கள் கையேடுகளுக்குப் படம் வரைகிறவள் போன ஆண்டு அதைத்தான் எடுத்துக்கொண்டாள். எப்படி இருக்கிறது என்றேன். "கூட்டம்னா கதவைச் சாத்திக்குவேன். எம்பையன் கதவுக்கு அடியில விரலை விட்டு ஆட்டிக்கிட்டு இருப்பான். நாலு விரலைப் பாத்துக்கிட்டே வேலை பாக்கறேன்டி" என்றாள். இது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

ஷூவைப் பற்றியும் விசாரித்தேன். விடுவேனா? மின்தூக்கியில் மாட்டிய பெற்றோர் எல்லோரையும் கேட்டேன். எல்லோரிடமும் ஒரு கட்டத்தில் விசிலம்மா ஷூ கேட்டிருக்கிறார். ஒருவரிடம் தரை ஜில்லென்று இருக்கிறது, இன்னொருவரிடம் மற்ற பிள்ளைகளெல்லாம் போட்டிருக்கிறார்கள். கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் அழகுக்குத்தான் என்றாராம். அதற்குச் சில நாள் கழித்து அவருடைய மகள் வீட்டில் நடந்திருக்கிறாள். மறுநாள் காலை அவர் மிட்டாய்ப் பெட்டியோடு காப்பகத்துக்கு ஓடி வந்தது எனக்கே நினைவிருக்கிறது. "எங்க வீட்டுல நேத்து..." என்று அவர் ஆரம்பித்ததுமே விசிலம்மா கை தட்டினார். வாக்கியம் முடியவில்லை. கைதட்டல் வந்துவிட்டது.

அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுண்டெலி நடந்தாள், அக்கா. நாற்காலியிலிருந்து துவைக்கும் இயந்திரம் வரை. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். தூக்கிச் சுற்றினேன். அழுதேன் என்றும் வைத்துக்கொள்.

அப்புறம் இறக்கி விட்டேன். அவள் மறுபடி நடந்தாள். முழங்கால் நடுங்கவில்லை. இயந்திரம் வரை போய், அதைத் தொட்டு, திரும்பி, கைதட்டலுக்காக நின்றாள்.

திரும்ப எங்கே கற்றுக்கொண்டாள்? கைதட்டலுக்கு நிற்க எங்கே?

திங்கட்கிழமை காலை விசிலம்மாவிடம் சொன்னேன். "அப்படியா! எங்க, எங்க, எந்த ரூம்ல?" என்று கை தட்டினார். நன்றாகவே தட்டினார். நான் அலமாரியில் இருந்த ஷூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். புதிதாக வாங்கிக் கொடுத்தது. நுனி தேய்ந்திருந்தது.

அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். விசில் கேட்காமல் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

பிறகு அவரே சொன்னார். "இங்க எங்களுக்கு ஒரு வழக்கம் மேடம். முதல் பல்லு, முதல் பேச்சு, முதல் நடை, மூணும் எங்க கண்ணுல படாது. எல்லாம் வீட்டுலதான். ஆனா வழுக்கி விழுந்துட்டா நாங்கதானே பதில் சொல்லணும், அதான் ஷூ." அழுத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "உங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும்னா சொல்றேன். எந்தக் கிழமை, யார்கிட்ட நடந்து வந்தாள்னு. சொல்லட்டுமா?" என்றார்.

என்னை உனக்குத் தெரியும். பிரசவ வலியிலும் மருத்துவரிடம் அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டவள். கேள்வி நாக்கு நுனியில் இருந்தது.

வேண்டாம் என்றேன்.

படியில் ஏறினேன். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. முயன்றும் பார்த்தேன். வரவில்லை. அவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு, கை தட்டிவிட்டு, சாயங்காலம் நான் போய் நிற்கும்போது ஒன்றுமே தெரியாதது போல அவளை என் கையில் கொடுத்திருக்கிறார்கள். மறுநாளும், அதற்கு மறுநாளும். இப்படி வாயை மூடிக்கொள்ள எந்த நிர்வாகம் உத்தரவு போடும்? இது சலுகைகளில் சேராது. ஆனால் அவ்வளவு சலுகையிலும் எனக்கென்று கிடைத்தது இதுதான்.

காப்பகமே போதும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். நீ திட்டுவாய். திட்டு. கதவுக்கு அடியில் வரும் விரல்களைவிட, அவளை நடக்கவிட்டுப் பார்த்து நிற்க யாராவது இருப்பது தேவலை என்று தோன்றியது. அந்த யாராவது நானாக இல்லை. அது வலிக்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

இனி கப்பலுக்கு எழுத வேண்டும். அவன் உனக்குச் செய்தி அனுப்பிக் கேட்டால், உன் கண்ணிலும் எதுவும் படவில்லை. சரியா, அக்கா? இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

தங்கை

*

என் மாலுமிக்கு,

மாலுமி இல்லை, இன்ஜினியர் என்று நீ முறைப்பது தெரிகிறது. இரண்டுக்கும் உப்புக் காற்று ஒன்றுதானே.

பம்ப் சரியாகிவிட்டதா? சமையல்காரரோடு போட்ட சண்டை தீர்ந்ததா? அவரைப் பகைத்துக்கொண்டு நடுக்கடலில் என்ன செய்வாய்?

காப்பகம் தொடர்கிறது. அங்கே எல்லோரும் நல்லவர்கள். நீ வந்ததும் விசிலம்மாவின் விசிலைக் கேட்க வேண்டும்.

உன் அலுவலகச் சலுகையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நானும் சுண்டெலியும் கப்பலில் வருவது அழகாகத்தான் இருக்கும். கடல் அங்கேயேதான் இருக்கும், அவசரமில்லை. இரண்டு மாதம் வேண்டாம். முதலில் சொன்ன தேதிக்கே இறங்கி வா.

நடந்தாளா என்று கேட்டிருந்தாய்.

இன்னும் இல்லை. சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கை விட்டால் தொப்பென்று உட்கார்ந்து முறைக்கிறாள். இன்றைக்கா நாளைக்கா என்றுதான் இருக்கிறது. ஆனால் யாருக்கோ காத்திருப்பது போல எனக்கு ஒரு எண்ணம்.

நீ வந்ததும் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டுத் தரையில் உட்கார். பேசாதே. இரண்டு கையையும் நீட்டு. அவள் புதிய ஆளைப் பார்த்துக் கொஞ்சம் யோசிப்பாள். பொறுமையாக இரு. வந்தால் கை தட்டு, அது அவளுக்குப் பிடிக்கும்.

வரும் வழியில் அவளுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கி வா. மெத்தென்று இருக்கட்டும். இங்கே தரை ஜில்லென்று இருக்கிறது.

நீ பத்திரமாகக் கரை சேர வேண்டும் என்ற ஒரே வேண்டுதலோடு,
சுண்டெலியின் அம்மா