மறைக்காமல் சொன்ன டீசல்

அக்டோபர் 14, செவ்வாய்

கொச்சி பக்கம் கும்பளங்கியில் இறால் வளர்க்கும் ஜோசப் சேட்டனிடம் எங்கள் கம்பெனி இனி இறால் வாங்காதாம். அவருடைய பண்ணை வெளிவிடும் கார்பன் புகையின் அளவைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவள் நான். பம்பு குடிக்கும் டீசலை ஒரு லிட்டர்கூட மறைக்காமல் சொன்னார். உண்மையைச் சொன்னால் சோலார் பம்பு வாங்கக் கம்பெனி உதவும் என்று நான்தான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

மட்டாஞ்சேரி ஆபீசில் மேனேஜர் ரவி அண்ணனிடம் கேட்டேன். "உதவத்தான் அளக்கறோம்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

"அப்படிச் சொல்லலேன்னா எவன் வாயத் தொறப்பான்? புகை கூடின பண்ணையக் கழட்டி விடணும்னு முன்னாடியே தீர்மானிச்சாச்சு."

என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இந்த மனிதரை நம்பித்தான் நான்கு மாதம் பண்ணை பண்ணையாக அலைந்தேன்.

சாயங்காலம் பஸ் பிடித்து, நானே போய்ச் சொன்னேன். ஜோசப் சேட்டன் கோபப்படவில்லை.

"பக்கத்துப் பண்ணைக்காரன் டீசலப் பாதிதான் சொன்னான். அவன்கிட்ட வாங்குவாங்களா மோளே?"

வாங்குவார்கள் என்றேன்.

"அப்போ அடுத்த வருஷம் நீ வந்து கேட்டா நான் என்ன சொல்லணும்?"

பொய் சொல்லுங்கள் என்று வாய் வரை வந்துவிட்டது. அவர் கொடுத்த சாயாவைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

நாளை இன்னும் நாலு பண்ணைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். போகமாட்டேன்.